மிதித்த காலை எடுக்காதவள்

சதாசிவத்தின் புதுக்கார் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான செமோருக்கு வந்து சேர்ந்த அன்று, பார்க்க வந்தவர்களை எல்லாம் அவர் காரின் பின்பக்கமாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். முன்பக்கம் நட்சத்திரம் இருந்தது. ஆனால் ஈப்போவில் பல் பிடுங்குகிற டாக்டர் காரில்கூட நட்சத்திரம் இருந்தது. பின்பக்கம்தான் ‘ஏ.பி.எஸ்.’ என்று மூன்று எழுத்து இருந்தது. ஜெர்மன்காரன் அதைச் சுண்டுவிரல் அளவுக்கு ஒட்டியிருந்தான். அடக்கமான மனிதர்கள் போலிருக்கிறது. சதாசிவம் போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு அதே எழுத்தைச் சிவப்பில் ஒரு சாண் உயரத்துக்கு எழுதவைத்தார்.

“அப்படின்னா என்ன அண்ணே?” என்று கேட்டார் கோயில் கமிட்டிச் செயலாளர் ஐயாவு.

“கம்ப்யூட்டர் பிரேக்கு. நீ மிதிக்கவே வேணாம். நெனச்சாலே நிக்கும்.”

அப்படியெல்லாம் நிற்காது என்பது பக்கத்தில் எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றிருந்த அவருடைய மனைவி நவமணிக்குத் தெரியும். கார் வாங்கிய கடையில் அவளும்தான் இருந்தாள். விற்பனையாளரான சீனர், மேசைமேல் இரண்டு கைகளையும் பாதம் மாதிரி வைத்துக்கொண்டு விளக்கினார். அவசரத்துக்கு நிறுத்த வேண்டுமென்றால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். மிதித்த காலை எடுக்கவே கூடாது. பெடல் காலுக்கடியில் நடுங்கும், கடகடவென்று சத்தம் வரும். பயப்படக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்க அதுவே பிடித்துப் பிடித்து விடுகிறது என்று அர்த்தம். மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், கார் கேட்கும். “பிஜாக் தெரூஸ், ஜாங்ஙான் அங்காட்” என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். தொடர்ந்து மிதி, தூக்காதே. அவர் அதைச் சொன்னபோது சதாசிவம் காருக்குள் உட்கார்ந்து சாம்பல் கிண்ணத்தை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது.

சதாசிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செமோருக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் ‘வெள்ளக்கல்லுத் தோட்டம்’ என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. வாலிபத்தில் அவர் அங்கே ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது ஒரு துண்டை வாங்கினார். இப்போது அதில் மனை பிரித்து, ரோடு போட்டு, குடியிருப்புக்குத் ‘தாமான் சதாசிவம்’ என்று போர்டும் வைத்துவிட்டார். கோயில் தலைவர் அவர்தான். பள்ளி வாரியத் தலைவரும் அவர்தான். சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் மட்டும் இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையில், தன் பெயர் அட்டையில் பெயருக்கு முன்னால் விரற்கடை இடம் விட்டு அச்சடித்து வைத்திருந்தார். பட்டம் வந்த அன்றே ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொள்ளலாம்.

நவமணிக்குப் பட்டம் எதுவும் வேண்டாம். கார் ஓட்டுகிற லெசென் போதும். ஈப்போவில் லகாட் ரோட்டுப் பக்கம், துணிக்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். தையல் வகுப்பு நடத்துவதற்கு. செமோரிலேயே வாசல் அறையில் நடத்தி, இடம் போதாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஈப்போவுக்குத் தினமும் மிஷின் தலை, துணி மூட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. கணவரைக் கேட்டால், “ஈப்போவுக்கு நான் போறப்ப வா” என்பார். அவர் போகிற நேரம் அவருக்கே தெரியாது. ஆக, லெசென் கிடைத்தால் வகுப்பு உண்டு. கிடைக்காவிட்டால் வாசல் அறைதான்.

இரண்டு முறை டெஸ்ட் போனாள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் கவிழ்ந்தாள். மலையேற்றத்தில் நிறுத்தி எடுப்பது, பின்னால் எடுத்துப் பார்க்கிங் போடுவது எல்லாம் சுத்தம். கடைசியில் அதிகாரி டேஷ்போர்டைப் படாரென்று தட்டுவார். ஓடுகிற காரை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அதிகாரி தட்டினார். நவமணி மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் டட்சனின் சக்கரங்கள் நான்கும் பூட்டிக்கொண்டு, கார் கிரீச்சென்று குறுக்காகச் சறுக்கி, வந்த திசையையே பார்த்து நின்றது. அடுத்த டெஸ்டிலும் அதே அதிகாரி. இந்த முறை அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தட்டினார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

“தங்கச்சி, பிரேக்கு என்ன கரப்பான் பூச்சியா? இப்படியா போட்டு மிதிப்பே?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அப்துல் ஹலீம். “விட்டு விட்டு மிதிக்கணும்லா. மிதி, விடு, மிதி, விடு.”

“நிறுத்துன்னா நிறுத்துறதுதானே பாய்? அதுல என்ன பேச்சுவார்த்தை?”

ஹலீம் பாய் சொன்னது அந்த ஊரின் வேதம். தோட்டத்து லோரிகளில் பழகிய அத்தனை பேரும் அதைத்தான் ஓதினார்கள். பழைய லோரியின் பிரேக் குழாயில் எண்ணெயைவிடக் காற்று அதிகம். பத்துத் தடவை பம்ப் அடித்தால்தான் பதினொன்றாவதில் பிடிக்கும். செம்மண் சேற்றில் ஒரேயடியாக மிதித்தால் லோரி பால் டின்களோடு காட்டுக்குள் போய்விடும். அதனால் மிதி, விடு, மிதி, விடு. அந்த லோரிகள் இரும்புக் கடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பம்ப் அடிக்கிற கால்கள் மட்டும் ஊரில் அப்படியே இருந்தன. கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசும்போதுகூட மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது டெஸ்ட் வரும் வியாழக்கிழமை. சொந்தக் காரிலும் டெஸ்ட் எடுக்கலாம் என்று ஹலீம் பாய் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து நவமணிக்கு வேறு நினைப்பில்லை. கார் கோயிலில் பூசை முடித்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி வீடு வந்ததும் கேட்டுவிட்டாள்.

“என்னங்க, வியாழக்கிழம டெஸ்டுக்கு நம்ம காரையே எடுத்துட்டுப் போறேனே.”

சதாசிவம் பால்கனியில் நின்று பொதுக்கூட்டத்தில் சிரிப்பதுபோல் சிரித்தார். “நவமணி, அது நம்ம தொகுதி யாங் பெர்ஹோர்மாட் உக்கார வேண்டிய காரு. எல் போர்டு மாட்டற காரா? ரெண்டு தடவ ஃபெயிலானவ கையில அத குடுத்தா ஊர்ல என்னைய என்ன சொல்வாங்க?”

“அந்த பிரேக்கு எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க. கால எடுக்கக் கூடாதாம். எனக்கு எடுக்கவே தெரியாதே.”

“பிரேக்க பத்தி எனக்கே பாடமா? நான் பால் லோரி ஓட்டுனவன்.”

இதையெல்லாம் சதாசிவத்தின் தங்கை பாப்பா, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்கு வரி கட்டாதவள் என்று பெயர் எடுத்தவள். “அப்ப அண்ணன் மாதிரி யாராலயும் நிறுத்த முடியாதுன்னு சொல்லுங்க” என்றாள்.

“முடியாது! இந்தக் கார என்னைவிட நல்லா நிறுத்திக் காட்டட்டும், சாவிய அவளே வச்சுக்கட்டும். போதுமா?”

“நான் கேட்டுட்டேன்” என்றாள் பாப்பா. கீரைத்தண்டு ஒன்று முறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாமான் சதாசிவத்தின் ரோடு திறப்பு விழா. ரோடு மேட்டிலிருந்து நேராகக் கீழே இறங்கும். ஒரு பக்கம் இன்னும் வெட்டாத ரப்பர் மரங்கள், மறுபக்கம் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியல். நடுவில் வாழைமரமும் தென்னங்குருத்தும் கட்டிய வளைவு. அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன். வளைவின் காலில், விருந்துக்கு வாங்கிய கிடா ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தன்னைச் சுற்றியிருந்த தோரணங்களைத் தனக்கான மரியாதை என்று நினைத்து அது தின்றுகொண்டிருந்தது.

விழாவின் உச்சம் சதாசிவமே யோசித்துக் கண்டுபிடித்தது. மேட்டிலிருந்து காரை வேகமாக ஓட்டிவந்து ரிப்பனுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்துவார். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான யாங் பெர்ஹோர்மாட் பின்சீட்டிலிருந்து இறங்கி ரிப்பனை வெட்டுவார். ஆனால் யாங் பெர்ஹோர்மாட் காரில் ஏற மறுத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். அரசியலில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தவருக்கு எந்த வண்டியில் ஏறக் கூடாது என்று தெரியாதா? கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு வளைவிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றுகொண்டார்.

மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. புதுத்தார் ரோடு எண்ணெய் தடவிய தோசைக்கல்லாகப் பளபளத்தது. சதாசிவம் மைக்கைப் பிடித்து, “மழையிலயும் சறுக்காத கம்ப்யூட்டர் பிரேக்கு! பேரா மாநிலத்திலேயே முதல் முறையாக!” என்று அறிவித்துவிட்டுக் காரில் ஏறினார். பக்கத்தில் நவமணி. யாங் பெர்ஹோர்மாட்டுக்கென்று வெள்ளைத் துண்டு விரித்த பின்சீட்டில் பாப்பா வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

மேட்டிலிருந்து கார் இறங்கியது. வேகம் கூடியது. வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது. சதாசிவம் பிரேக்கை மிதித்தார்.

விற்பனையாளர் சொன்னபடியே பெடல் நடுங்கியது. காருக்கடியில் கடகடவென்று சத்தம் வந்தது. கார் நன்றாகத்தான் வேகம் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் சதாசிவம், “ஐயோ, உதைக்குதுடி!” என்று அலறிக் காலைத் தூக்கிவிட்டார்.

“எடுக்காதீங்க! மிதிச்சுக்கிட்டே இருங்க!” என்று கத்தினாள் நவமணி.

யார் கேட்பது? பால் லோரி அவர் காலுக்குத் திரும்பி வந்துவிட்டது. மிதி, விடு, மிதி, விடு. ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் கார், ‘சரி, போகச் சொல்கிறார்’ என்று போனது. ரிப்பன் போனது. வளைவு சாய்ந்தது. வாழைமரம் ஒன்று பானெட்டின்மேல் படுத்துக்கொண்டது. கார் மணல் குவியலில் மூக்கைச் செருகி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வளைவோடு கட்டு அறுந்த கிடா, கழுத்தில் தோரணத்தை இழுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடிப்போனது. ரிப்பன் காரின் ஏரியலில் சுற்றிக்கொண்டு படபடத்தது. வெட்டுவதற்கு எதுவுமில்லாமல் யாங் பெர்ஹோர்மாட் கத்தரிக்கோலோடு நின்றார்.

நாதஸ்வரக்காரர் மட்டும், கார் வந்ததும் வாசிக்கச் சொல்லியிருந்தபடியால், மங்களமாக வாசித்தார்.

சதாசிவம் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “பிரேக்கு பழுது! கார் என்னைய உதைக்குது! எல்லாரும் பாத்தீங்கல்ல? நாளைக்கே திருப்பி அனுப்புறேன்!”

“ஆமா அண்ணே, கடகடன்னு சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு” என்றார் ஐயாவு. பால் லோரி ஓட்டிய நான்கைந்து பேர் ஆமோதித்தார்கள். நல்ல பிரேக் சத்தம் போடுமா?

நவமணி கணவர் முன்னால் வந்து கையை நீட்டினாள். “சாவிய குடுங்க.”

“எதுக்கு?”

“பிரேக்கு நல்லா இருக்கு. நான் நிறுத்திக் காட்டறேன்.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அவள் இரண்டு முறை ஃபெயிலான கதை தெரியாதவர் ஓடிப்போன கிடா ஒன்றுதான். இன்றைக்கு இந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போனால் வியாழக்கிழமை இல்லை, லகாட் ரோட்டு மாடி இல்லை, காரும் ஜெர்மனிக்கே போய்விடும். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

பாப்பா பின்சீட்டிலிருந்து இறங்கி, நேராக மைக்குக்குப் போனாள். “எங்க அண்ணன் சொன்ன சொல்ல மீறாதவரு. ‘என்னைவிட நல்லா நிறுத்துனா சாவிய நீயே வச்சுக்க’ன்னு சொல்லியிருக்காரு. அவரவிட மோசமா நிறுத்துறது இனி யாராலயும் முடியாது. குடுங்க அண்ணே!”

சதாசிவம் சுற்றும்முற்றும் பார்த்தார். அப்போது யாங் பெர்ஹோர்மாட், வந்ததற்கு எதையாவது வெட்டிவிட்டுப் போகலாம் என்ற அவசரத்தில், “பாகிலா, டத்தோ, பாகி!” என்றார். கொடுத்துவிடுங்கள் என்று.

டத்தோ! மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சொல் ஒலிபெருக்கியிலும் கேட்டது. சதாசிவத்தின் முகம் மலர்ந்தது. அந்த நிமிஷம் காரையே எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். சாவிதானே.

இளைஞர்கள் காரை மணலிலிருந்து தள்ளி எடுத்தார்கள். பானெட் நசுங்கியிருந்தது, மற்றது எல்லாம் சரியாக இருந்தது. ஏரியலில் சுற்றிய ரிப்பனைப் பாப்பா உருவி, ரோட்டின் குறுக்கே இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னாள். ஹலீம் பாயைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

“தங்கச்சி, மெதுவா போலாம் லா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

“அவரு வந்த வேகத்துலதான் பாய் போறேன். இல்லாட்டி நாளைக்குப் பேச்சாயிடும்.”

மேட்டில் திருப்பி நிறுத்தினாள். கீழே ரிப்பன் ஒரு சிவப்பு நூல் மாதிரி தெரிந்தது. பாய் வாய்க்குள் ஓதத் தொடங்கினார். நவமணி புறப்பட்டாள்.

கார் சரிவில் வேகம் பிடித்தது. ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. பிரேக் போட வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. அதற்கு முன்னாலேயே, மரங்களுக்கிடையிலிருந்து கழுத்தில் தென்னங்குருத்து மாலையோடு அந்தக் கிடா குதித்து ரோட்டின் நடுவில் வந்து நின்று அவளைப் பார்த்தது.

நவமணி மிதித்தாள். கரப்பான் பூச்சியை மிதிப்பதுபோல் மிதித்தாள். பெடல் காலுக்கடியில் துடித்தது. அவளுக்கு அது புதிதாகவே இல்லை. கனத்த ஜீன்ஸ் துணியின் நாலு மடிப்புக்குள் ஊசி இறங்கும்போது மிஷின் கால்பலகை அவளிடம் தினமும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அங்கே காலை எடுத்தால் நூல் அறும். அவள் எடுக்கவில்லை. கார் முழுக்கக் கடகடத்தது. சறுக்கவில்லை, குறுக்கே திரும்பவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள், கார் கேட்டது. கிடாவின் தாடி இடப்பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. இடப்பக்கம் ஒடித்தாள், அதற்கும் கேட்டது. கால் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் ஹலீம் பாய் தன் டட்சனில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை, இந்தக் காரில் இல்லாத அந்தப் பிரேக்கை, இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தார்.

கார் ஒரு குலுக்கலோடு நின்றது. நேராக, ரோட்டின் நடுவில். பிரேக்கை முன்னாலேயே போட்டதால் ரிப்பன் இன்னும் தள்ளி இருந்தது. நவமணி மூச்சை விட்டாள். பிறகு, கத்தரிக்கோலோடு காத்திருப்பவரைக் காக்க வைக்கக் கூடாது என்று மெல்ல ஓட்டிப்போய், ரிப்பனுக்கு ஒரு முழம் முன்னால் இன்னொரு முறை நிறுத்தினாள்.

தோட்டத்துப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை எழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேளம், அதைப் பிடித்துக்கொண்டு கைத்தட்டல். பாப்பா ரோட்டில் நின்று விசிலே அடித்துவிட்டாள். யாங் பெர்ஹோர்மாட் ஓடிவந்து, இந்த ரிப்பனும் போய்விடுவதற்குள் வெட்டினார்.

ஹலீம் பாய் கதவைத் திறந்து இறங்கி, கால் தரையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “பத்து வருஷமா மிதி, விடுன்னு கத்துறேன்” என்றார் யாரிடமோ. “இந்தப் பொண்ணு விடவே மாட்டேங்குது. நல்லவேள, விடல.”

மைக்கில் ஏற்கெனவே சதாசிவம் இருந்தார். “இதுதான் ஏ.பி.எஸ்.! தப்பா மிதிச்சா என்ன ஆகும்னு மொதல்ல நான் செஞ்சு காட்டினேன். சரியா மிதிச்சா எப்படின்னு என் துணைவியார் காட்டினாங்க. மக்களுக்குப் பாதுகாப்பு விழிப்புணர்வு வேணும்ங்கற ஒரே நோக்கத்துல, கார் நசுங்கினாலும் பரவாயில்லேன்னு...”

“சாவி அண்ணிகிட்டயே இருக்கட்டும் அண்ணே” என்றாள் பாப்பா, மைக்குக்குக் கேட்கும்படி.

“இருக்கட்டும்” என்றார் சதாசிவம். ஒலிபெருக்கியில் சொன்னதால் அது ஊருக்கே சாட்சியாயிற்று.

கிடாவை யாரும் அன்றைக்குத் தொடவில்லை. ஒரே பிற்பகலில் இரண்டு முறை காரிடமிருந்து தப்பியதை வெட்டச் செயலாளர் ஐயாவுக்கே கை வரவில்லை. விருந்துக்குச் சார்டின் மீன் டின்களை உடைத்தார்கள். தப்பிய கிடா வளைவின் மிச்சத்தையும் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை, நசுங்கிய பானெட்டோடும் எல் போர்டோடும் கார் டெஸ்டுக்குப் போனது. அதே அதிகாரி. நவமணியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்து, பேனாவையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். கடைசிச் சுற்றில், கண்ணை மூடிக்கொண்டு டேஷ்போர்டைத் தட்டினார்.

கார் நின்றது. அதிகாரியின் சொங்கோக் தொப்பி மட்டும் அவர் மடியில் விழுந்தது. அதிகாரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ரோடு முன்னால் இருந்தது. எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே.

“லூலூஸ்” என்றார். பாஸ். பிறகு இறங்கிப் பின்னால் போய், ஒரு சாண் உயரச் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு, “கெரேத்தா சியாப்பா?” என்று கேட்டார். கார் யாருடையது?

“சாயா புஞா” என்றாள் நவமணி. என்னுடையது.

லகாட் ரோட்டு மாடியில் தையல் வகுப்பு அந்த மாதமே தொடங்கியது. மிஷின் தலைகள் கார் டிக்கியில் போயின. துணி மூட்டை யாங் பெர்ஹோர்மாட்டுக்கான பின்சீட்டில் போனது. சில நாட்களில் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் சதாசிவமும் இருப்பார். பெரிய மனிதர்கள் பின்சீட்டில்தான் உட்கார்வார்கள் என்று கமிட்டியில் விளக்கம் சொல்லிவிட்டார்.

ஒரு காலை, ஈப்போவுக்குள் நுழைகிற இடத்தில் முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. நவமணி மிதித்தாள். கார் கடகடத்தது, சற்றே விலகியது, நின்றது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். சதாசிவம் பெயர் அட்டையைக் கையில் பிடித்தபடி கண்ணை இறுக மூடியிருந்தார். அவர் கால் துணி மூட்டையை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டுக்கொண்டிருந்தது.

“நின்னாச்சுங்க” என்றாள் நவமணி.